கரடியைக் காண எவ்வளவு அருகில் செல்ல வேண்டும்?

நார்வே நாட்டின் வட கோடிக்கும் வட துருவத்திற்கும் ஏறக்குறைய நடுவழியில் ஸ்வால்பார்டு என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. வட அட்சம் 74 பாகை முதல் 81 பாகை வரை பரந்து கிடக்கும் இத்தீவுகளின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் பனியாறுகளே. முக்கிய ஊரான லாங்இயர்பியெனில் ஏப்ரல் 20ஆம் நாளையொட்டி மேலெழும் சூரியன் ஆகஸ்ட் 22 வரை மறைவதே இல்லை. நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இத்தீவுகளில் ஒன்றில்தான் இயங்கி வருகிறது என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். ஆனால் கோடையில் இங்கு வருவோரில் அறிவியலாரைவிடச் சுற்றுலாப் பயணிகளே மிகுதி. பனிக்கரடி, வால்ரஸ், கடற்பறவை ஆகியவற்றைக் காண்பதே அவர்களுடைய நோக்கம்.

கப்பல் வளைகுடாவில் நின்றுவிடும். அதிலிருந்து காற்றடைத்த இரப்பர்ப் படகுகள் கீழே இறக்கப்படும். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் அமர்வார்கள். பின்முனையில் எஞ்சினின் கைப்பிடியைப் பற்றி நிற்பவர்தாம் வழிகாட்டி. படகோட்டியும் அவரே, கரடியிடமிருந்து பயணிகளைக் காக்கும் காவலரும் அவரே, கண்ணெதிரே காண்பதை விளக்கும் ஆசிரியரும் அவரே. உலகில் இத்தனை விலை கொடுத்து மக்கள் அமரும் அறிவியல் வகுப்பு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. ஆதலால் ஒரு நூலையோ திரைப்படத்தையோ மதிப்பிடுவது போலவே இவ்வகுப்பையும் மதிப்பிட நமக்கு உரிமை உண்டு.

2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நார்வே அரசு இங்கே புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும்; மார்ச்சு முதல் நாளிலிருந்து சூன் இறுதி வரை 500 மீட்டர். அதற்குள் கரடி இருப்பது தெரியவந்தால் பின்வாங்க வேண்டும். காப்பகப் பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக்கூடாது. குறித்த 43 இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம். முன்பெல்லாம் கரடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு இல்லை; அதைக் கவர்ந்திழுக்கவோ துரத்தவோ தொல்லை செய்யவோ கூடாது என்பதே சட்டம். தொல்லை எது என்று முடிவு செய்வது பெரும்பாலும் படகில் இருந்தவரின் மனச்சான்றாகவே இருந்தது.

300 மீட்டரில் என்ன தெரியும் என்று கேட்போர் பலர். அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஆண் கரடியின் உடல் நீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 300 மீட்டர் தொலைவில் அது பக்கவாட்டில் நின்றால் நம் கண்ணில் ஏறத்தாழ அரைப் பாகைக் கோணத்தை அடைக்கும். முழுநிலவு அடைப்பதும் அதே அரைப் பாகைதான். நிலவைப் பார்த்து ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எவரும் குறைப்படுவதில்லை! எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண இருகண் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டால், அக்கரடி 38 மீட்டரில் நிற்பது போலத் தோன்றும். 500 மீட்டரிலும் அது 63 மீட்டருக்கு வந்துவிடும். மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிப்பதையும், குட்டி தாயின் பின்னால் தயங்கி நிற்பதையும் காண இது போதும்.

போதாதது எதற்கு என்றால், கைப்பேசியின் கேமராவுக்குத்தான். அகன்ற கோணத்தில் பார்க்கும் அந்தச் சிறு வில்லைக்கு 300 மீட்டர்க் கரடி ஒரு மஞ்சள் புள்ளி. எனவே ‘இன்னும் சற்று அருகில்’ என்ற வேண்டுகோளைப் பிறப்பிப்பது பெரும்பாலும் கண்ணன்று, கருவி. ஊருக்குத் திரும்பியதும் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமே. இதை வழிகாட்டிகள் நன்கு அறிவர். பயணிகளின் மகிழ்ச்சியை நம்பிப் பிழைக்கும் ஒருவரை, அந்த மகிழ்ச்சிக்கு எல்லை வகுப்பவராகவும் வைத்திருக்கிறார்கள். இத்தொழிலின் அடிப்படைக் கோளாறு இதுவே என்பது என் கருத்து. ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. மீட்டர்க் கணக்கு எழுத்தில் வந்தது நல்லதாயிற்று. ‘எனக்கு விருப்பந்தான், சட்டம் விடவில்லை’ என்று சொல்ல அவருக்கு ஒரு வாயில் திறந்தது.

இனி, நெருக்கத்தின் விலை என்ன என்பதைப் பார்ப்போம். பனிக்கரடிக்குக் கோடை உண்டாட்டுக் காலமன்று. அது சீல்களைப் பிடிப்பது பெரும்பாலும் கடற்பனியின் மேல். கோடையில் பனி வடக்கே பின்வாங்கும்போது சில கரடிகள் அதனுடன் சென்றுவிடும். சில தீவுகளிலேயே தங்கிவிடும். தங்கியவை உடற்கொழுப்பைச் செலவிட்டும், கரையொதுங்கிய பிணங்களையும் வாத்துகளின் முட்டைகளையும் தின்றும் நாளைக் கழிக்கின்றன. அவை நெடுநேரம் படுத்துக் கிடப்பது சோம்பல் அன்று, சிக்கனம். உறங்கும் கரடி எழுந்து நடந்தால் படகில் இருப்போருக்கு நல்ல காட்சி. கரடிக்கு அது சேமிப்பிலிருந்து எடுத்த செலவு. நீந்திக்கொண்டிருக்கும் கரடியைப் பின்தொடர்வது இதனினும் கேடு. நீரில் அதற்கு ஒதுங்க இடம் ஏது?

படகைவிடக் கரையிறங்குதலில் ஆபத்து மிகுதி. 2018 சூலை 28 அன்று வடகோடியில் உள்ள ஏழு தீவுகளில் ஒன்றில், பயணிகள் இறங்குமுன் இடத்தைச் சோதிக்கச் சென்ற ஒரு கப்பலின் காவலர்களில் ஒருவரைக் கரடி தாக்கித் தலையில் காயப்படுத்தியது. கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. காவலர் தம் கடமையைத்தான் செய்தார். ஆனால் கரடி வாழுமிடத்தில் பொழுதுபோக்காகக் கரையிறங்க வேண்டியிருந்ததா என்ற கேள்வி அன்று உலகெங்கும் எழுந்தது. அது தீரவில்லை.

கரடியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் ஒரு குறைதான். படகுகள் உண்மையிலேயே பெருஞ்சேதம் விளைவிக்கக்கூடிய இடம் பறவைப் பாறைகள். ஹின்லோப்பன் நீரிணையின் கரையில் அல்கெஃபியெல் என்னும் செங்குத்துப் பாறைச்சுவர் உண்டு. பிரூனிக் கில்லிமட் என்னும் கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் அதில் அடைகாக்கின்றன. இவை கூடு கட்டுவதில்லை. கையகல விளிம்பில், வெறுங்கல்லின் மேல், ஒரே ஒரு முட்டை. பேரிக்காய் வடிவமுள்ள அம்முட்டையைப் பாதங்களின் மேல் தாங்கி, வயிற்றோடு அணைத்து நிற்கும். படகு விரைந்து வந்து எஞ்சின் ஒலி பாறையில் மோதினால் பறவைகள் ஒருசேர எழுகின்றன. அப்போது முட்டை உருண்டு விழலாம். உருளாத முட்டையைப் பெரிய கடற்காகம் கவ்விச் செல்லலாம். பயணிகளுக்கோ வானம் நிறையப் பறவைகள் எழும் அந்தக் காட்சியே பயணத்தின் உச்சமாகத் தோன்றும். படகில் எழும் ‘ஆகா’ என்ற ஒலியின் கீழே ஓர் ஆண்டின் இனப்பெருக்கம் கடலில் விழுந்துகொண்டிருக்கலாம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியவர் எஞ்சினைப் பிடித்திருக்கிறார். ஏப்ரல் முதல் ஆகஸ்டு முடிய இத்தகைய பாறைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மணிக்கு 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான வேகத்தைத் தாண்டக்கூடாது என்று புதிய விதி கூறுவதன் பொருள் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய மூன்று வாரக் குஞ்சு, பறக்கத் தெரியாத நிலையிலேயே, பாறையிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கும். சிறு இறக்கையை விரித்துச் சறுக்கி இறங்கும் அதனுடன் தந்தைப் பறவையும் இறங்கும். பின் இரண்டும் நீந்தியே ஆழ்கடலுக்குச் செல்லும். தாய் வராது. இறங்கிய சில நிமிடங்களில் தந்தையும் குஞ்சும் ஒன்றையொன்று குரலால் கண்டுகொள்ள வேண்டும். அவற்றுக்கிடையே ஒரு படகு புகுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்நாட்களில் பாறையடியிலிருந்து விலகி, எஞ்சினை நிறுத்தி, படகை மிதக்கவிட்டு, ‘குரலைக் கேளுங்கள்’ என்று மட்டும் சொல்லும் வழிகாட்டி இருந்தால், அவருக்கே முதல் மதிப்பெண் தருவேன்.

வால்ரசின் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தந்தத்திற்காகவும் கொழுப்பிற்காகவும் கொல்லப்பட்டு, 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இத்தீவுகளில் ஏறத்தாழ நூறே எஞ்சியிருந்தன. 2006இல் வானிலிருந்து எண்ணியபோது 2,600 அளவில் இருந்தவை, 2018இல் 5,500 அளவுக்கு உயர்ந்தன. படகுகள் இவற்றைக் கலைக்கின்றனவா என்று அறிய, இவை கரையேறும் இடங்களில் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, படகுகளும் கரையிறங்கிய பயணிகளும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. கரடி வந்தபோதுதான் வால்ரசுகள் கலைந்தன. சுற்றுலாவை முற்றிலும் வெறுப்போர் இம்முடிவை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆயினும் அங்கே ஏற்கெனவே மெல்ல அணுகும் பழக்கம் வேரூன்றியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அளந்து பார்க்காமல் எப்பக்கமும் பேசலாகாது என்பதற்கு அதே வடகடலில், ஐசுலாந்து நாட்டின் ஃபாக்சா விரிகுடாவில் நடந்த ஆய்வுகளும் சான்று. அங்கே மிங்க்கித் திமிங்கிலங்கள் கோடையில் இரை தேடி வருகின்றன. படகுகள் அருகில் இருக்கும்போது அவை இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டதாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. அதோடு நின்றிருந்தால் தீர்ப்பு எளிது. அதே ஆய்வாளர்கள் 2015இல் மேலும் கணக்கிட்டபோது, ஒரு தனித் திமிங்கிலம் கோடை முழுதும் படகுகளிடையே இருக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால் கருவின் வளர்ச்சியோ இனத்தின் பெருக்கமோ குறையவில்லை என்று கண்டார்கள். ஆனால் படகுகளின் எண்ணிக்கை பெருகினால் இக்கணக்கும் மாறும் அல்லவா?

இனிப் பாடத்தின் உள்ளடக்கத்திற்கு வருவோம். பனிக்கரடியின் முடி ஒளியிழை போலச் சூரிய ஒளியைத் தோலுக்குக் கடத்துகிறது என்ற கதை உலகெங்கும் சுற்றுகிறது. டேனியல் கூன் என்ற அமெரிக்க இயற்பியலார் முடியை அளந்து பார்த்து, சிறிது தூரத்திற்குள்ளேயே ஒளி அழிந்துவிடுவதை 1998இல் காட்டிவிட்டார். கரடிகளெல்லாம் இடக்கைப் பழக்கமுடையவை என்பதும் இவ்வகைக் கதையே. இக்கதைகளால் கரடிக்குத் தீங்கில்லை, கேட்பவருக்குத்தான் நட்டம். ஏனெனில் இவற்றைவிட வியப்பான உண்மை படகின் முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கடலில் முடியும் பனியாற்றின் முகப்பில், பழுப்பு நிறக் கலங்கல் நீரின் மேல், கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகங்கள் கூட்டங்கூட்டமாக மொய்ப்பதைக் காணலாம். பனி இடிந்து விழுவதை வேடிக்கை பார்க்க அவை வரவில்லை. பனியாற்றின் அடியில் உருகிய நன்னீர், ஆழத்தில் கடலுக்குள் பாய்கிறது. உப்பு நீரைவிட எடை குறைந்ததால் அது மேலெழுகிறது. எழும்போது ஆழ்நீரையும் அதிலுள்ள சிறு மிதவை உயிர்களையும் இழுத்து வருகிறது. அவற்றில் பல, உப்பு திடீரெனக் குறைவதால் மயங்கியோ மடிந்தோ மேலே மிதக்கின்றன. பறவைகளுக்கு விருந்து! பனியாறு பின்வாங்கி நிலத்தின் மேல் ஏறிவிட்டால் இந்த ஊற்று நின்றுவிடும். வெப்பம் கூடிவரும் இக்காலத்தில் அவ்வாறு ஏறிக்கொண்டிருக்கும் பனியாறுகள் பல. இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும், கரடி வேண்டியதில்லை, எந்த விலங்கையும் நெருங்க வேண்டியதில்லை. பனிமுகப்பு இடிந்தால் எழும் அலைக்கு அஞ்சி எப்படியும் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகித்தான் நிற்க வேண்டும். தொலைவே பாடத்தைக் கெடுக்கிறது என்போருக்கு இதுவே என் மறுமொழி.

‘நேரில் கண்டவர்கள் ஊர் திரும்பி இயற்கையின் தூதுவர்கள் ஆவார்கள்’ என்பது இத்தொழிலின் பெரிய நியாயம். தென் துருவக் கப்பல் பயணிகளைப் பற்றி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்படிப்பட்ட மனமாற்றத்திற்குச் சான்று காணவில்லை. பயணத்தால் வெளியாகும் கரியமில வாயுவையோ மிகப் பெரிதாகக் கண்டது. வடக்கிலும் அப்படியே என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் தூதுவர் பட்டத்தை முன்கூட்டியே வழங்கிவிடுவது பொருந்தாது. பயணம் முடிந்ததும் நிரப்பித் தரும் கருத்துத் தாளில் ‘எத்தனை விலங்கு கண்டீர்கள்’ என்பதோடு ‘நாம் திரும்பியபோது அந்த விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது’ என்றும் கேட்கலாம். படகு வருமுன் உறங்கிய கரடி படகு சென்ற பின்னும் உறங்கினால் வழிகாட்டி தேறிவிட்டார்.

அதற்கு முன் செய்யக்கூடியது மிக எளிது: படகில் ஏறும் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் இருகண் தொலைநோக்கி. அதைக் கண்ணில் பொருத்தவும், அலையில் ஆடும் படகில் முழங்கையை மடியில் ஊன்றிப் பார்க்கவும் முதல் நாள் கப்பலிலேயே பத்து நிமிடம் பழக்கிவிட்டால், 300 மீட்டரைப் பற்றிய முறையீடுகளில் பாதி கடலில் இறங்குமுன்பே அடங்கிவிடும்.