தூளியை ஆட்டியது யார்?
பிள்ளைத்தமிழ் பற்றிச் சில கேள்விகள்

எம்.ஏ. தமிழ் படித்தபோது சிற்றிலக்கியத் தாளில் பிள்ளைத்தமிழ் இருந்தது. பேராசிரியர் தால் பருவம் நடத்திக்கொண்டிருந்தார். தால் என்றால் நாக்கு, தாய் நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று விளக்கினார். நானும் குறிப்பு எடுத்துக்கொண்டேன். ஆனால் என் கண்ணுக்குள் வந்தது வேறு. மந்தைவெளிப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் எங்கள் குடிசை. அம்மாவின் பழைய புடவையில் கட்டிய தூளி. உள்ளே என் தங்கச்சி. ஆட்டியது அம்மா இல்லை, நான். எனக்கு அப்போது ஏழு வயசு.

அம்மா தி.நகரில் மூன்று வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்த்தாள். அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை. குளிப்பாட்டுவது, பவுடர் போடுவது, மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் நிலா காட்டிச் சோறு ஊட்டுவது எல்லாம் அம்மாதான். அவள் கை அந்தக் குழந்தையின் வாய்வரைக்கும் போகலாம். ஆனால் அந்த வீட்டு டம்ளரில் அவள் வாய் படக்கூடாது. அவளுக்கென்று ஒரு டம்ளர், கொல்லைப்பக்கச் சன்னலில் கவிழ்த்திருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: "இன்னாம்மே, புள்ள தூங்கிடுச்சா? கஞ்சி ஊத்துனியா?" தங்கச்சி எப்போதோ தூங்கியிருப்பாள். அவள் முதல் அடி வைத்ததை அம்மா பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன், நான்தான் சொன்னேன்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பத்துப் பருவம். பெண்பால் என்றால் கடைசி மூன்றும் மாறும். குழந்தை தவழ்வதையும், கை கொட்டுவதையும், தளர்நடை நடப்பதையும் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த வடிவம் நம் மொழியில் வேறு இல்லை. அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பாடினார், குமரகுருபரர் மீனாட்சியைப் பாடினார். கேள்வி இதுதான்: கடவுளாக, அரசனாக, தலைவனாக ஆன பிறகுதானே ஒருவருக்குக் குழந்தைப் பருவம் வழங்கப்படுகிறது? வெறும் குழந்தையாக இருப்பது தமிழில் பாடப்படுவதற்குப் போதவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் செவிலி. பெற்ற நற்றாயைவிடச் செவிலிக்கே நம் இலக்கணம் பேச்சும் புலம்பலும் அதிகம் தருகிறது. மகள் உடன்போக்கில் போய்விட்டாள் என்று பாலை வழியில் தேடிப் போகிறவளும் அவள்தான். இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் தொல்காப்பியம் இன்னொரு செய்தியையும் சொல்கிறது: தோழி என்பவள் செவிலியின் மகள். தாய் அந்த வீட்டுக் குழந்தையை வளர்க்கிறாள், மகள் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தூது போகிறாள், சமாதானம் பேசுகிறாள், காவல் நிற்கிறாள். தோழி எந்தத் தூளியில் வளர்ந்தாள்? அவளை யார் பார்த்துக்கொண்டது? பாட்டில் இல்லை. வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயசானபோது அம்மா என்னையும் அதே தி.நகர் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், "பாப்பாகூட விளையாடிக்கினு இரு" என்று. செவிலியின் மகள் தோழி ஆனாள். பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக்கூடாது என்று தடை வந்தது 2006 அக்டோபரில். அதற்குள் எனக்கு அந்த வயசு தாண்டிவிட்டது.

பிள்ளைத்தமிழ் ஒரு மரபு, அதில் சமூகவியல் தேடக்கூடாது என்பார்கள். மரபு என்றாலே எதைப் பாடலாம், எதை விடலாம் என்று ஒருவர் எடுத்த முடிவுதானே? அந்த முடிவைத்தான் கேட்கிறேன். மரபு செத்துப்போய்விடவும் இல்லை. நபிகள் நாயகத்துக்கும் காந்திக்கும் பிள்ளைத்தமிழ் வந்துவிட்டது. நம் தோழர்களில் சிலர், பாட்டுடைத் தலைவரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது தோழர்களே. தலைவர் மாறினாலும் தூளியை ஆட்டுகிற கை யாருடையது என்பது மறைந்தேதான் இருக்கும்.

அந்தக் கையை எழுத்தில் காட்டியவர் பாமா. 1994-இல் வந்த 'சங்கதி'யில் மைக்கண்ணி என்று ஒரு சிறுமி. அம்மா பிள்ளை பெறும்போதெல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள், மற்ற நாளில் வீட்டையும் தம்பி தங்கைகளையும் பார்க்கிறாள். அவளுக்குச் செங்கீரையும் இல்லை, அம்மானையும் இல்லை. ஆனால் பாமா அவளை அழவைத்து முடிப்பதில்லை. அவள் பேச்சும் சுறுசுறுப்பும் எழுத்தில் நிற்கின்றன. நான் படித்த இலக்கியத்தில் என் ஏழு வயசை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

சிற்றில் பருவம் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுகிறார்கள். ஆண்குழந்தைத் தலைவன் வந்து காலால் உதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கவி அதைக் குறும்பு என்று ரசிக்கிறான், நாமும் ரசிக்கிறோம். 2022 மே மாதம், பொதுத்தேர்வு நேரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாயோர வீடுகளை இடித்தார்கள். பெரும்பாக்கத்துக்குப் போ என்றார்கள். ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். அதற்குப் பிறகுதான் பக்கத்திலேயே வீடு தருகிறோம் என்று பேச்சு வந்தது. அன்றைக்கு நான் அங்கே நின்றேன். ஒரு சின்னப் பெண் இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு, உடைந்த செங்கல்லுக்கு நடுவில் பாடப்புத்தகம் தேடிக்கொண்டிருந்தாள். சிற்றில் பருவத்தை இனி என்னால் பழையபடி படிக்க முடியாது.

எங்கள் குடிசை அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. இப்போது அம்மா இருப்பது கண்ணகி நகரில். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தூரத்துக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் தி.நகருக்கும் அடையாறுக்கும் அப்படித்தான் கிளம்புகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விழிக்கும்போது வீட்டில் அம்மா இல்லை. 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். பள்ளிக்கு வயசாகாத குழந்தையை இன்றைக்கும் அக்காதான் பார்க்கிறாள்.

என் மகளுக்கு மூன்று வயசு. கூட்டத்துக்குப் போகும்போது அம்மாவிடம்தான் விட்டுப்போகிறேன். போன வாரம் திரும்பி வந்தபோது அம்மா அவளுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கோ தங்கச்சிக்கோ அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. எங்கே கத்துக்கினேம்மா என்றேன். "அந்த தி.நகர் ஊட்ல அந்தப் புள்ளைக்குப் பாடுனதுதான்" என்றாள்.