வேலூர் மரபணு சிகிச்சை: ஐந்து பேரும் ‘முழுக் குணம்’ என்ற சொல்லும்

ஹீமோபிலியா ‘ஏ’ என்பது இரத்தம் உறையத் தேவையான எட்டாவது காரணி (ஃபேக்டர் 8) உடலில் குறைந்தோ இல்லாமலோ போகும் மரபுவழி நோய். ஆண் குழந்தைகளில் சுமார் 5000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. இதற்காக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து செய்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தன. தமிழ்நாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு இது பெரிய சாதனை. ஆனால் ‘ஒரே தடவையில் முழுக் குணம்’ என்ற பேச்சு ஆய்வு சொன்னதைத் தாண்டிப் போகிறது.

ஆய்வு சொன்னது இவ்வளவுதான். 22 முதல் 41 வயது வரையுள்ள ஐந்து ஆண்கள். அவர்களுடைய இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, லென்டிவைரஸ் மூலம் ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். ஐவரையும் சேர்த்து 81 மாதங்கள் கண்காணித்ததில் ஒருவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. வைரஸ் நன்றாக நுழைய உதவும் பொருளைச் சேர்த்த மூவரிடம் காரணியின் அளவு 19 முதல் 40 வரை உயர்ந்தது. சேர்க்காத இருவரிடம் 5.2, 1.7 என்றே நின்றது. கடும் நோய் உள்ளவரிடம் இது 1-க்கும் குறைவு என்பதால் அந்த 1.7 கூட வீணல்ல. 81 மாதம் என்பது ஐந்து பேரின் கூட்டுத்தொகை. தலைக்குப் பார்த்தால் ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு.

முறையில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. மேலைநாடுகளில் அனுமதி பெற்ற ‘ராக்டேவியன்’ ஏஏவி என்னும் வைரஸைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்புப் பொருள் உள்ளவர்களுக்கு அதைத் தர முடியாது, காரணியின் அளவும் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. வேலூர் முறை முதல் தடையைத் தாண்டிவிடுகிறது. அதற்கு விலை வேறு: திருத்திய அணுக்களுக்கு இடம் தர, எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்ய வேண்டும். வெள்ளணுக்கள் ஒரு வாரத்துக்கும் மேலாக அடிமட்டத்தில் கிடக்கும்; குழந்தைப்பேறு பாதிக்கப்படவும் கூடும். லென்டிவைரஸ் மரபணுவுக்குள் நிலையாக ஒட்டிக்கொள்வதையும் மறக்கக்கூடாது. மூளை நோய் ஒன்றுக்கான ‘ஸ்கைசோனா’ சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வகைகள் வந்ததாக 2024-இல் அதே இதழ் வெளியிட்டது. அதன் மரபணு ஊர்தி வேறு வகை, வேலூர் சிகிச்சைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இத்தகைய சிகிச்சைகளுக்கு 15 ஆண்டுக் கண்காணிப்பை அமெரிக்கா ஏன் கேட்கிறது என்பது அதிலிருந்து புரியும்.

‘மலிவு’ என்ற சொல்லையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். மும்பையில் உருவாகி 2023-இல் அனுமதி பெற்ற ‘நெக்ஸ்கார்19’ என்ற கார்-டி செல் சிகிச்சை, அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டாடப்பட்டது. அந்தப் பத்தில் ஒரு பங்கே 30 லட்சம் ரூபாய்க்கு மேல்!

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் ஹீமோபிலியா உள்ள ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலூர் அவன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். ஆனால் இந்த ஆய்வு பெரியவர்களுக்கானது. அவனுக்கு இன்று இதில் இடமில்லை. முழங்கால் மூட்டில் இரத்தம் கசிந்தால் சில மணி நேரத்துக்குள் அவனுக்கு வேண்டியது ஃபேக்டர் 8 ஊசி. கசிவுக்கு முன்பே முறையாகப் போட்டுவந்தால் இன்னும் நல்லது. நான்கு வாரத்துக்கு ஒருமுறைகூடத் தோலடியில் போடக்கூடிய ‘எமிசிசுமாப்’ மருந்தும் 2018 முதல் இத்தகையோருக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது; அதற்கும் விலை அதிகம். மரபணு சிகிச்சையை ஒப்பிட வேண்டியது இந்தத் தடுப்பு மருந்துகளோடு. கசிந்த பிறகு ஊசிக்கு ஓடும் பழைய நிலையோடு ஒப்பிட்டால் எதுவும் அற்புதமாகத்தான் தெரியும்.

ஆய்வில் சேர்ந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 22. கடும் ஹீமோபிலியாவில் மூட்டுகள் சேதமடையத் தொடங்குவது அதற்கு வெகு முன்பு, குழந்தைப் பருவத்திலேயே.