கூழ்த்தாள் அட்டையில் ஊரும் சேரியும்

எதையெல்லாம் இலக்கியம் இல்லை என்று ஒதுக்கி வைக்கிறார்களோ அதன்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டதன்மேல் வரும் பிரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1896இல் 'ஆர்கசி' முழுக்கக் கதைகளோடு மட்டமான மரக்கூழ்த் தாளில் வரத் தொடங்கியதிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் வந்த கதை இதழ்களுக்கு 'பல்ப்' என்று பெயர். பல்ப் என்றால் கூழ். வழவழப்புத் தாள் பத்திரிகைகள் கனவான்களுக்கு, கூழ்த்தாள் கூலிக்காரர்களுக்கு. யார் சோறு தின்றார்கள், யார் கூழ் குடித்தார்கள் என்று நமக்குச் சொல்லியா தெரியணும்?

உள்தாள் தொட்டால் உதிரும். அட்டை மட்டும் பளபளப்பு. கடையில் தொங்கும் நூறு இதழ்களுக்கு நடுவே ஒரே பார்வையில் பத்து சென்ட்டையோ இருபத்தைந்து சென்ட்டையோ பிடுங்கியாக வேண்டும். அதனால் மஞ்சள் என்றால் கண்ணைக் குத்தும் மஞ்சள், சிவப்பு என்றால் ரத்தச் சிவப்பு. 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' முதல் இதழுக்கு ஃபிராங்க் ஆர். பால் வரைந்த அட்டையில் வளையத்தோடு சனிக்கிரகம் வானத்தில் நிற்கிறது, கீழே மனுசங்க பாட்டுக்குப் பனியில் சறுக்கி விளையாடுகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, இந்தத் துணிச்சல் காட்சிக்கூடத்து ஓவியர்கள் பலருக்குக் கிடையாது.

என் மனசுக்கு நெருக்கமானவர் மார்கரெட் பிரண்டேஜ். சிகாகோக்காரர். 1932இலிருந்து 1945க்குள் 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்கு 66 அட்டைகள். எல்லாம் பேஸ்டல் வண்ணத்தில், அட்டைக்கு 90 டாலர். கணவர் உலகத் தொழிலாளர் சங்கத்துத் தீவிரவாதி, ஊர்சுற்றி. மகனையும் தாயையும் காப்பாற்றியது இந்தக் கூலிதான். 'எம். பிரண்டேஜ்' என்றே கையெழுத்திட்டதால் வரைவது பெண் என்று வாசகர்களுக்கு வெகுநாள் தெரியாது. 1933 அக்டோபர் அட்டையைப் பாருங்கள். வௌவால் முகமூடி போட்ட ஒருத்தி, கைகளை உயர்த்தி நிற்கிறாள். அவளை மிரட்டப் பூதமும் இல்லை, காப்பாற்ற ஆம்பளையும் இல்லை. பயப்பட வேண்டியது பார்க்கிறவன்தான். பல்ப் அட்டைகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் அது விதிவிலக்கு. அதற்கு முந்தின மாத அட்டையில் ஒருத்தி இன்னொருத்தியைச் சாட்டையால் அடிக்கிறாள். சவுக்கடி அட்டை போட்ட இதழ் ஒன்று முழுக்க விற்றுத் தீர்ந்ததைப் பிரண்டேஜே பிற்காலத்துப் பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். விற்பனை அப்படி என்றால் எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அட்டைக்குத் தன் கதை தேறவேண்டும் என்பதற்காகவே சீபரி குவின் போன்றவர்கள் துணி அவிழும் காட்சி ஒன்றைச் செருகினார்கள். கதைக்கு அட்டை என்பது போய் அட்டைக்குக் கதை.

குப்பையைக் கொண்டாடுவதே கலகம் என்று பேசும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒதுக்கப்பட்ட குப்பைக்குள்ளும் ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. 1934 மே அட்டை ராபர்ட் ஈ. ஹோவர்டின் கோனன் கதைக்கு வரைந்தது. கதையில் ஒரு வெள்ளைத்தோல் ராணி கருப்பு மாலுமிகளை ஆளுகிறாள், அவர்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அட்டையில் ராணி உண்டு, கோனன் உண்டு, சிறகு முளைத்த மிருகம்கூட உண்டு. துடுப்புப் போட்டவர்கள் எங்கே? கதைக்குள் உழைக்கலாம், அட்டையில் நிற்கக்கூடாது. தேர் செய்ய ஆள் வேண்டும், வடம் பிடிக்கக் கூடாது என்ற நியாயம்தான்.

கருப்பரை மறைத்த அட்டை மஞ்சள் தோலரை வில்லனாக முன்னால் நிறுத்தியது. 1935இல் 'மிஸ்டீரியஸ் வூ ஃபாங்', 1936இல் 'டாக்டர் யென் சின்' என்று வில்லன்களின் பேரிலேயே இதழ்கள். நீண்ட நகம், சாய்ந்த கண், பக்கத்தில் கட்டுண்ட வெள்ளைப் பெண். சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943 வரை அமலில் இருந்தது. சட்டத்தைப் படிக்காதவனும் இந்த அட்டைகளைப் பார்த்தான்.

'வியர்ட் டேல்ஸ்' முதல் இதழ் 1923 மார்ச் தேதியிட்டு வந்தது. அதற்கு முந்தின பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தான் ஆரியன், உயர்சாதி, ஆகவே வெள்ளையன், குடியுரிமை வேண்டும் என்பது அவர் வாதம். உயர்சாதி இந்து பழங்குடி இந்தியரோடு கல்யாண உறவை வெறுப்பதும் அமெரிக்க வெள்ளையர் கருப்பரோடு அதை வெறுப்பதும் ஒன்றே என்று அவர் தரப்பு எழுதிக்கொடுத்தது. கடல் தாண்டியும் மூட்டையை இறக்கி வைக்கவில்லை! நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆரியனோ இல்லையோ, சாதாரண மனிதனின் புரிதலில் வெள்ளையன் யார் என்பதே கணக்கு என்றது. அந்தச் சாதாரண மனிதனின் கண்ணைக் குறிவைத்துத்தான் பல்ப் அட்டைகள் வரையப்பட்டன. அவன் கண்ணுக்குத் தலைப்பாகை கட்டியவன் மந்திரவாதி அல்லது கொலைகாரன். சாதிப் பெருமை அங்கே செல்லுபடியாகவில்லை.

பிரண்டேஜ் பின்னாளில் சிகாகோவில் கருப்பின ஓவியர்கள் நடத்திய சவுத் சைட் சமூகக் கலை மையத்தோடு சேர்ந்து வேலை செய்தார். ஆக, இது ஓவியரின் மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. அட்டையில் எந்த உடம்பு நிற்கும் என்பதைக் கல்லாப்பெட்டியும் தீர்மானித்தது. 1976இல் அவர் இறந்தபோது கையில் காசும் இல்லை, பெரிய பேரும் இல்லை. 2003இல் புரூக்ளின் அருங்காட்சியகம் பல்ப் அட்டைகளின் மூல ஓவியங்களைச் சுவரில் மாட்டிக் காட்சி வைத்தது. காலம் போனபின் எல்லாக் குப்பைக்கும் சட்டம் போட்டுவிடுகிறார்கள்.

பல்ப் செத்த பிறகும் அட்டையின் புத்தி போகவில்லை. கருப்பினப் பெண் எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'டான்' நாவல் 1987இல் வந்தது. நாயகி லிலித் கருப்புப் பெண் என்று நாவல் தெளிவாகவே சொல்கிறது. முதல் பதிப்பின் அட்டையில் வரைந்திருப்பது வெள்ளைப் பெண்ணை. எழுதியவரும் கருப்பு, நாயகியும் கருப்பு, அட்டை மட்டும் வெள்ளை. லிலித்தின் சொந்த முகம் பிந்திய பதிப்புகளில்தான் வெளியே வந்தது.