பிறர் உடுத்திய ஆடை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் எழுந்து வந்து திரும்பிய பின்னர், காரைக்கால்மேட்டையும் அதன் அண்டையிலுள்ள மீனவர் ஊர்களையும் நோக்கி நாட்டின் பல திசைகளிலிருந்தும் லாரிகள் வந்தன. அரிசி வந்தது, பாத்திரம் வந்தது, எல்லாவற்றினும் மிகுதியாகத் துணி வந்தது. நாகை, காரைக்கால் கடற்கரைச் சாலைகளில் அந்நாள்களில் பயணம் செய்தவர்கள், ஓரங்களில் குவிந்து கிடந்த துணிகளை மறந்திருக்க இயலாது. கிழிந்த சேலைகள், பொத்தான் அறுந்த சட்டைகள், இங்குள்ள பெண்கள் உடுத்தாத உடுப்புகள், உப்புக்காற்று வீசும் இக்கரைக்கு எவ்வகையிலும் பொருந்தாத கம்பளிச் சட்டைகள். அவற்றை எடுப்பார் இல்லை. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் கிடந்தவற்றை அகற்றுவதே பின்னர் ஒரு தனி வேலையாயிற்று.

உடுக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு இத்துணைச் செருக்கா என்று அப்பொழுது முணுமுணுத்தவர்கள் உண்டு. இருபது ஆண்டுகள் கடந்து அவ்வினாவை மீண்டும் எடுத்து ஆராய இப்பொழுது ஒரு காரணம் வாய்த்திருக்கிறது. பிறர் உடுத்திய ஆடையை விலை கொடுத்து வாங்கி அணிவது, உலகின் செல்வ நகரங்களில் நாணத்தக்க செயலாக இல்லாமல் நாகரிகத்தின் அடையாளமாகவே மாறிவிட்டது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜூலி வெயின்ரைட் என்பவர் 2011-இல் தொடங்கிய 'த ரியல்ரியல்', பாரிசில் 2009-இல் தோன்றிய 'வெஸ்டியேர் கலெக்டிவ்' ஆகியன இத்துறையில் பெயர்பெற்ற இணையக் கடைகள். முன்னதன் முறை எளியது. உடைமையாளர் தம் ஆடையைக் கடையில் ஒப்படைப்பார். விற்கும்வரை உடைமை அவருடையதே. விற்றபின் கடை தன் தரகைக் கழித்துக்கொண்டு மீதியை அவருக்கு அனுப்பும். பிரெஞ்சு ஆட்சி 1954 வரை நிலவிய நம் காரைக்காலில், பிரான்சில் வாழும் உறவினர் வாயிலாக 'தெப்போ-வாந்த்' என்னும் சொல்லைக் கேட்டவர்கள் இருப்பர். பொருளை ஒப்படைத்து விற்கும் அந்தத் தெருக்கடைதான் இன்று இணையத்தில் ஏறியிருக்கிறது.

இக்கடைகள் தம் சரக்கைப் பற்றி எழுதும் குறிப்புகளை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு படித்துப் பார்க்கலாம். முதலில் ஆடையை வடித்த நிறுவனத்தின் பெயர், அடுத்து, துணியின் வகை, பிறகு அளவு, இறுதியில் அதன் நிலை. 'மிக நன்று', 'நன்று', 'ஏற்கத்தக்கது' என அந்நிலைக்குப் படிகள் உண்டு. முழங்கைப் பகுதியில் சிறு தேய்வு, உள்துணியில் மங்கிய கறை என்பன போன்ற நேர்மையான ஒப்புதல்களும் உண்டு. இந்தத் துல்லியம் பாராட்டத்தக்கதே. ஆனால் அத்தனை குறிப்புகளிலும் ஒருவர் மட்டும் வருவதில்லை. அந்தக் கையை அந்த முழங்கைப் பகுதிக்குள் நுழைத்து வாழ்ந்தவர். 'பழையது' என்னும் சொல்லையும் இவ்வணிகம் விரும்புவதில்லை. 'ப்ரீ-லவ்டு' என்கிறது, முன்பே நேசிக்கப்பட்டது என்பது பொருள். நம் இலக்கணத்தார் இதைச் செயப்பாட்டுவினை என்பர். நேசித்தவர் யார் என்று அந்த வாக்கியத்தைக் கேட்டால் அது விடை தராது.

உடுத்தியவர் பெயர் அழிந்த இடத்தில் ஓங்கி நிற்பது வடித்தவர் பெயர். அப்பெயரின் வலிமையை இரண்டு செய்திகள் காட்டும். 2018-இல் ஷனேல் நிறுவனம் ரியல்ரியல் மீது நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. தன் பெயர் தாங்கிய பொருள் மெய்யா போலியா என்று உறுதி சொல்லத் தன்னால் மட்டுமே முடியும் என்பது அதன் வாதங்களுள் ஒன்று. விற்றுக் காசாக்கிய பின்னும், கைமாறிக் கைமாறிச் சென்ற பின்னும், பெயர் மட்டும் விற்றவரிடமே இருக்கிறது! அதே 2018-இல் வெளியான மற்றொரு செய்தி: பர்பரி என்னும் இங்கிலாந்து நிறுவனம், விலைபோகாது தேங்கிய ஏறத்தாழ 2 கோடியே 86 இலட்சம் பவுண்டு மதிப்புள்ள தன் சரக்கை அதற்கு முந்தைய நிதியாண்டில் அழித்திருந்தது. மலிவாக விற்றால் பெயர் மலியும் என்னும் அச்சமே இத்தகைய செயல்களுக்குக் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. கண்டனம் எழுந்தபின் அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

இதன் மறுபக்கத்தைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. திருப்பூர் காதர்பேட்டைக்குச் சென்றால் போதும். அயல்நாட்டு நிறுவனங்களுக்காகத் தைத்து மிஞ்சிய பனியன்களும் சட்டைகளும் அங்கே குவியலாக விற்கின்றன. பலவற்றில் கழுத்துப் பட்டையிலுள்ள பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டிருக்கும். அதே நூல், அதே தையல், அதே சாயம்; சீட்டு போனதும் விலையும் போய்விடுகிறது. அந்தச் சட்டையைத் தைத்த பெண்ணின் பெயரோ சீட்டு இருந்தபொழுதும் அதில் இல்லை. எனவே 'வடித்தவர் பெயர்' என்று மேலே எழுதியதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். நெய்தவர், தைத்தவர், உடுத்தியவர் ஆகிய மூவரும் விலகி நிற்க, இவர்களுள் ஒருவருமல்லாத ஒரு பெயரே அங்கு விலைபோகிறது.

துணியின் தரத்தைப் பார்ப்பது, உடுத்தியவரைப் பார்ப்பது என்னும் இவ்விரு பார்வைகளும் நற்செய்தி நூல்களிலேயே எதிரெதிராக நிற்கின்றன. சிலுவையடியில் படைவீரர் ஆடைகளை நான்காகப் பங்கிட்டுக்கொள்கின்றனர். அங்கியை மட்டும் கிழிக்காமல் சீட்டுப் போடுகின்றனர். அது தையலின்றி மேலிருந்து கீழ்வரை நெய்யப்பட்டது என்று யோவான் காரணம் கூறுகிறார். கிழித்தால் மதிப்புக் கெடும் என்பது படைவீரரின் கணக்கு. யாருடைய அங்கி என்பது அதில் சேராது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணோ கூட்டத்தில் கைநீட்டி மேலாடையைத் தொடுகிறாள். துணி எத்தகையது என்பது அவளுக்குப் பொருட்டன்று.

தமிழ் இலக்கியத்தில் இந்த இரண்டாம் பார்வைக்கு உச்சமான சான்று வைணவத்தில் கிடைக்கிறது. திருப்பல்லாண்டில் பெரியாழ்வார், இறைவன் உடுத்திக் கழித்த ஆடையை உடுத்துவதையும் அவன் உண்டு எஞ்சியதை உண்பதையும் அடியார்க்குரிய பெருமையாகப் பாடுகிறார். அவர் மகளாக வளர்ந்த ஆண்டாளின் கதையில் இது தலைகீழாகிறது. அவள் சூடிக் களைந்த மாலையையே இறைவன் விரும்பி ஏற்றான் என்பது மரபு. ஒருவர் மேனி பட்டதனாலேயே ஒரு பொருள் உயர்வு பெறும் என்னும் எண்ணம் இங்கே எவ்வளவு இயல்பாக வந்து அமர்கிறது! அம்மன் கோயில்களில் சாத்திக் களைந்த புடவைகளை ஏலத்தில் எடுத்து வரும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் பெரியாழ்வாரை இவ்வாறு மட்டும் படித்து நிறுத்துவது பாதி வாசிப்பே ஆகும். ஆண்டான் கழித்ததை உடுப்பது, அவன் மிச்சத்தை உண்பது என்னும் அந்த உவமைகள் எங்கிருந்து வந்தன? அடிமையின் வாழ்விலிருந்து வந்தன. தஞ்சைப் பகுதிப் பண்ணைகளில் மிராசுதாரர் வீட்டுப் பழைய வேட்டி பண்ணையாளின் இடுப்புக்கு வந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. அங்கேயும் உடுத்தியவர் யார் என்பது தெரியும். தெரிவதே அதன் நோக்கம். அந்த வேட்டியை வாங்குபவன் அதனோடு தன் நிலையையும் வாங்கிக்கொண்டான். வேண்டா என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. ஆழ்வாரோ தாமே தேர்ந்து ஓர் ஆண்டானை ஏற்றார். அதனால் இழிவைக் குறித்த சொல் அன்பின் சொல்லாக அவரிடம் மாறியது. தேர்வு இல்லாத இடத்தில் அம்மாற்றம் நிகழாது. இணையக் கடையில் வாங்குபவர் துணியைப் படத்தில் நாற்புறமும் பார்க்கிறார், அளவு கேட்கிறார், விலை பேசுகிறார், பிடிக்காவிடில் விட்டுவிடுகிறார். பழைய ஆடை அவருக்கு இழிவைத் தராமைக்குக் காரணம் பட்டையிலுள்ள பெயர் மட்டுமன்று. அவர் மறுக்கக் கூடியவர் என்பதும் ஆகும்.

கொடுப்பவர் பக்கம் நின்று இதைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். கரிகாற்சோழனைப் பற்றிய பொருநராற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. நெடுவழி நடந்து வந்த பொருநனின் உடை ஈரும் பேனும் குடியிருப்பது, வியர்வையில் ஊறியது, வேறு வேறு இழைகளால் தைத்துத் தைத்துத் தாங்கி நிற்பது. மன்னன் அதை முற்றிலும் நீக்கச் செய்கிறான். பிறகு, இழை சென்ற வழியைக் கண்ணால் தொடர முடியாத அளவு நுண்ணிய, பாம்பின் உரி போன்ற புத்தாடையைத் தருகிறான். பழைய துணியின் அழுக்கைப் புலவர் இத்துணை விரிவாகச் சொன்னது ஏன்? பெற்றவன் தன் வாயாலேயே அதைச் சொல்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். கூசாமல் சொல்ல முடிகிறது. ஏனெனில் கொடுத்தவன் எதிரில் நின்று கொடுத்தான். தன்னிடம் உள்ளவற்றில் சிறந்ததைக் கொடுத்தான்.

நம் காலத்துக்கு அணுக்கமான ஒரு விவாதத்திலும் இதே வினா எழுந்தது. 1921-இல் காந்தியடிகள் அயல்நாட்டுத் துணிகளை எரிக்கச் சொன்னபொழுது, அவருடைய நண்பர் சி.எப். ஆண்ட்ரூஸ் மனம் வருந்தினார். அத்துணிகள் இல்லாதவர்க்கு உரியவை, அவற்றை எரிக்க நமக்கு என்ன உரிமை என்னும் கருத்தைத் தாகூரும் எழுதினார். இரக்கமுள்ள எவரையும் உடனே ஈர்க்கும் வாதம் இது. அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் நாள் யங் இந்தியாவில் காந்தி விடை எழுதினார். வேலை வேண்டி நிற்பவனுக்கு வேலை தராமல் துணியைத் தருவது அவனை அவமதிப்பதாகும். உண்ட மிச்சத்தையும் உடுத்திக் கழித்ததையும் தர மாட்டேன், என் உணவிலும் உடையிலும் சிறந்ததையே தருவேன், அவர்களோடு வேலையிலும் சேர்வேன் என்பது அவ்விடையின் கருத்து. மூன்று வாரங்களுக்கு முன்னர்தான், செப்டம்பர் 22-ஆம் நாள், அவர் மதுரையில் முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறியிருந்தார். எரிப்பது சரியா என்பதில் என் மனம் இன்றும் முழுமையாக அவர் பக்கம் சாயவில்லை. ஆனால் கழித்த துணியைக் கொடையாகக் கருதலாமா என்னும் வினாவில் அவர் சொன்னது காரைக்கால்மேட்டில் அப்படியே மெய்யாயிற்று. அம்மக்கள் வேண்டிக் கேட்டவை படகும் வலையும்.

அந்தக் குவியல்களுக்கும் ஒரு பிற்கதை உண்டு. அன்ஷு குப்தா 1999-இல் தில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, சுனாமிக்குப்பின் தமிழகத்தில் தேங்கிப்போன துணிகளைப் பிரித்துப் பயனாக்கும் வேலையில் ஈடுபட்டது. துணியைத் தானமாக வீசாமல், ஊர் மக்கள் கூடிக் கிணறு வெட்டுவது, சாலை செப்பனிடுவது போன்ற உழைப்புக்குப் பரிசாக அளிப்பது அவ்வமைப்பின் வழி. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. துணி பழையதே, கொடுக்கும் முறை மாறியது.

வேறொரு கரையையும் இங்கே நினைவுகூரலாம். கானா நாட்டின் அக்ரா நகரில் காந்தமாந்தோ என்னும் பெருஞ்சந்தை மேலைநாட்டுப் பழந்துணிக்குப் பெயர்பெற்றது. 2025 சனவரித் தொடக்கத்தில் பெருந்தீயில் அதன் பெரும்பகுதி எரிந்தது. அங்கு வந்து இறங்கும் துணிக்கு அம்மக்கள் இட்ட பெயர், இறந்துபோன வெள்ளையரின் உடை என்று பொருள்படும். உடையவர் இறந்திருந்தாலன்றி இவ்வளவு துணியை யார் கழிப்பார் என்னும் வியப்பு அப்பெயரில் இருக்கிறது. இணையக் கடையின் 'முன்பே நேசிக்கப்பட்டது' என்னும் தொடரைக் காட்டிலும் இது நேர்மையான பெயர் என்பேன். இறந்தவராகவேனும் ஓர் ஆள் இதில் இருக்கிறார்.

பழைய ஆடை வாங்கி உடுப்போரை நான் குறை கூறவில்லை. ஒரு துணி இன்னொரு பத்தாண்டு பயன்பட்டால் அந்த அளவுக்குக் குப்பை குறையும். சாயநீர் பாய்ந்து கெட்ட நொய்யலாற்றைக் கண்டவர்கள் இதை எளிதில் ஒப்புவர். குறை சொல்ல வேண்டியது, ஒரே செயலுக்கு நாம் வைத்திருக்கும் இருவேறு அளவுகோல்களைத்தான். செல்வர் பழையதை ஆராய்ந்து கழித்தால் அதைச் சுவை என்கிறோம். காரைக்கால்மேட்டு மீனவப் பெண் கழித்தால் செருக்கு என்கிறோம்.

அவளுக்குப் பழந்துணி ஆகாது என்பதும் உண்மையன்று. சாலையோரக் குவியலைத் திரும்பியும் பாராத இவ்வூர் வீடுகளில், பிறந்த குழந்தையை ஏந்துவதற்குப் புதுத்துணி எடுப்பதில்லை. அதன் கஞ்சியும் முரடும் பச்சை உடம்பை உறுத்தும். பாட்டியின் நைந்துபோன நூல்சேலையைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, கிழித்து மடித்து வைப்பார்கள். மற்றொரு சேலை தூளியாக உத்தரத்தில் ஏறும். அது யாருடைய சேலை, எந்த ஆண்டு எதற்காக எடுத்தது என்பதை அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் அதற்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.