ஆறில் ஒரு திருப்பு

18590. பேரிங் கடையில் இந்த எண்ணைச் சொன்னால் போதும். வண்டி எது, எந்த வருஷத்து மாடல் என்ற கேள்வியே வராது. பழைய ஜீப்பின் சக்கர ஹப்புக்குள் உட்காரும் டேப்பர் பேரிங்கின் கோன் அது. அதை ஏந்திக்கொள்ளும் கப் 18520. 1941-ல் போருக்கென்று வந்த வில்லிஸ் ஜீப்பிலும் இதுதான், பிறகு மஹிந்திரா உரிமம் பெற்று இந்தியாவில் செய்த சிஜே-3பியிலும் இதுதான். வில்லிஸ் கம்பெனி கைமாறிப் பெயரையும் இழந்தது. எண் மட்டும் அப்படியே நிற்கிறது. எண்பது வருஷமாக ஓர் உருளையின் சாய்வும் வளையத்தின் விட்டமும் மாறவில்லை என்று நினைக்கும்போதே எனக்கு மரியாதை வருகிறது.

ஆனால் எண் நம்மைக் கடைவரைக்கும்தான் கூட்டிப்போகும். அதற்கப்புறம் நடப்பதைப் பார்க்கத் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு பட்டறையில் போய் உட்கார்வேன். வாழைத்தாரும் பலாவும் ஏற்றிச் சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கும் ஜீப் ஒன்று ஒருநாள் வந்திருந்தது.

"பாய், நாப்பதத் தாண்டுனா ஸ்டியரிங் உதறுது."

"தூக்கிப் பாத்துருவோம்ணே. பிரேக்க நல்லா மிதிச்சுக்கங்க."

மெக்கானிக் பாய் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினார். பிரேக்கை மிதிக்கச் சொன்னதில்தான் நுட்பம். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு ஹப் பேரிங்கில். பிரேக் டிரம்மைக் கவ்வியிருந்தும் ஆட்டம் நிற்காவிட்டால் அது உள்ளே, சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னில். காசு செலவில்லாமல், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், அரை நிமிஷத்தில் முடிந்த தீர்ப்பு. ஆட்டம் நிற்கவில்லை.

கிங்பின் பேரிங் தேய்கிற விதமே தனி. ஹப் பேரிங் நாளெல்லாம் முழுச்சுற்று சுற்றுகிறது. தேய்மானம் வட்டம் முழுக்கப் பரவிவிடும். கிங்பின் பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிறுமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது இடமும் வலமும் கொஞ்சம் திரும்புவதோடு சரி. மற்ற நேரமெல்லாம் வண்டியின் எடையைச் சுமந்தபடி ஒரே இடத்தில் நின்று குழியில் அடிவாங்குகிறது. பாய் கப்பைக் கழற்றி, டீசலில் அலசித் துடைத்து என் கையில் கொடுத்தார். பளபளவென்றுதான் இருந்தது. நகத்தை ஓட்டியபோது தெரிந்தது: உருளைகள் நின்ற இடத்திலெல்லாம் மெல்லிய பள்ளம், வரிசை தப்பாத கோடுகளாக. கண் ஏமாந்த இடத்தில் நகம் ஏமாறவில்லை.

புதிய கப் 11520, கோன் 11590. கப்பைச் சுத்தியலால் நேரே அடித்து இறக்கக்கூடாது. பழைய கப் ஒன்றைக் கிரைண்டரில் குறுக்கே அறுத்துப் பட்டறையில் வைத்திருக்கிறார்கள். அதைப் புதியதன் தலையில் கவிழ்த்து, அதன்மேல்தான் அடி விழுகிறது. அறுத்த வாய் இருப்பதால் அது துளைக்குள் சிக்கிக்கொள்ளாமல் கையோடு வந்துவிடும். இறங்கிக்கொண்டிருக்கும்வரை ஒரு சத்தம், அடியில் போய் உட்கார்ந்ததும் வேறு சத்தம். கணீரென்று இருந்தது 'தொம்'மென்று கனத்துவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு மேல் பாய் ஓர் அடிகூட அடிக்கவில்லை.

அடுத்தது ஷிம். கிங்பின் மூடிக்கு அடியில் வைக்கும் தகடு. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் மூன்று கூறு, ஐந்து கூறு, பத்துக் கூறு என்று கனம். மூன்று கூறு என்பது தலைமுடியின் பருமன்தான். ஒரு தகடு கூடினால் மூடி தளர்ந்து ஆட்டம் வரும். ஒன்று குறைந்தால் பேரிங் இறுகி, ஸ்டியரிங் கனத்துப்போகும். எத்தனை தகடு என்று எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. திண்டுக்கல் பூட்டுக்குச் சாவி ராவுவதைப்போல, அந்த ஆக்ஸிலில் வைத்துப் பார்த்துத்தான் முடிவாகும். மேலேயும் கீழேயும் கனம் ஒத்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கிங்பின்னில் திரும்பும் நக்கிள் நடுவிலிருந்து விலகிவிடும். பாய் தகடு மாற்றி மாற்றிப் போல்ட்டை முடுக்கி, நக்கிளின் கைப்பகுதியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தார். முள் எங்கே நிற்கும்போது நக்கிள் அசைகிறது என்பதுதான் கணக்கு. ஆயில் சீலைப் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுகிறார். சீலின் பிடிப்பும் சேர்ந்துகொண்டால் தராசு பொய் சொல்லும்.

கடையில் கிடைக்காததற்குக் காயலான் கடைதான், சென்னை புதுப்பேட்டை வரைக்கும். அங்கே எண்ணைவிட எண்ணிக்கை முக்கியம். ஆக்ஸிலுக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். போர்க்கால வில்லிஸின் கிரவுனில் 39 பல், சிஜே-3பியில் 43. இரண்டுக்கும் பினியன் 8 பல்தான். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மாட்டி நான்கு சக்கரமும் இழுக்க வைத்தால், இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஏதாவது ஒன்று உடையும். கிரவுனையும் பினியனையும் ஜோடியாக உரசிச் சேர்த்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள், இரண்டிலும் ஒரே குறியீட்டைப் பொறித்து. விவரமானவர் துருவைச் சுரண்டி முதலில் தேடுவது அந்தப் பொறிப்பை. ஜோடி பிரிந்த கிரவுன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கமாட்டார். முன் ஆக்ஸில் ஜாயின்ட் விஷயமும் இப்படித்தான். ரெசப்பா, பெண்டிக்ஸ்-வைஸ், டிராக்டா, ஸ்பைசர் என்று போர்க்கால ஜீப்பிலேயே நான்கு வகை. நம் வண்டியைத் திறந்து பார்க்காமல் கடைக்குப் போவதில் பயனில்லை.

மறுபடி பாய் பட்டறைக்கு வருவோம். கடைசியாக ஹப். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கு இடையே மறுபக்கம் பிதுங்கும்வரை திணித்து பேரிங்கை மாட்டினார். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை முடுக்கினார். சக்கரம் பிடிக்கும்வரை முடுக்கிவிட்டு, ஆறில் ஒரு திருப்பு பின்னால் விட வேண்டும் என்பது அந்தக் காலத்திலிருந்தே வரும் விதி. நட்டுக்கு ஆறு முகம். ஒரு முகம் நின்ற இடத்துக்கு அடுத்த முகம் வந்தால் ஆறில் ஒன்று ஆகிவிட்டது. அளவுகோலை நட்டிலேயே வைத்துவிட்டார்கள்! வாஷரை வைத்து, லாக் நட்டை முடுக்கி, வாஷரின் ஓரத்தை முகத்தின்மேல் மடக்கிவிட்டார் பாய்.

"அடிவாரம் வரைக்கும் போயிட்டு வாங்கண்ணே. வந்து ஹப்பத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடிஞ்சாச் சரி. சுட்டா நாளைக்கே கொண்டாங்க, அரை முகம் விட்டுத் தர்றேன்."