வழிபாட்டில் புகழுரை: தட்சிணேசுவரத்து வினாவும் தமிழ்ப் பதிகங்களும்

கொல்கத்தாவின் வடபுறத்தே கங்கைக் கரையில் இராணி ராசமணி 1855-இல் எடுப்பித்த தட்சிணேசுவரம் காளி கோயிலில் வாழ்ந்த இராமகிருஷ்ணர், பிரம்ம சமாஜத்தாரிடம் எழுப்பிய வினா ஒன்று பக்தி இலக்கிய ஆய்வுக்கும் உரியது. தந்தையின் முன் அமரும் மகன் அவருடைய வீடுகளையும் குதிரைகளையுமா எண்ணிக்கொண்டிருப்பான்? இறைவனின் செல்வச் சிறப்புகளை இவ்வளவு விரித்துரைப்பது எதற்கு? மகேந்திரநாத குப்தர் தொகுத்த கதாமிருதத்தில் இக்கருத்து பதிவாகியுள்ளது.

1828-இல் இராம்மோகன் ராய் தொடங்கிய பிரம்ம சபை உருவ வழிபாட்டை விலக்கியது. காண உருவம் இல்லாதவிடத்து இறையியல்பைச் சொல்லால் எடுத்துரைப்பதே வழிபாட்டின் உயிராதல் இயல்பு. இவ்வகையில் இராமகிருஷ்ணரின் வினா சற்றுக் கடுமையானதே. அவர் விரும்பிப் பாடியவையோ பதினெட்டாம் நூற்றாண்டு இராமபிரசாத் சேனின் பாடல்கள். கணக்கெழுதும் ஏட்டில் காளி பாடல்களை எழுதியவர் என மரபு கூறும் இராமபிரசாத், கருவூலப் பொறுப்பைத் தனக்குத் தரும்படி தாயிடம் வழக்காடுகிறார். புகழ் அங்கே உரிமைப் பூசலாகிறது.

இவ்வினாவைத் தமிழுக்குப் பொருத்தினால் அப்பரின் போற்றித் திருத்தாண்டகங்கள் வெறும் பட்டியல்களாகிவிடுமா? ஆகா என்பதே பொருந்தும். கயிலை செல்லும் வழியில் கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலால் உருண்டு சென்றவராகச் சேக்கிழார் அவரைக் காட்டுகிறார். கயிலைப் போற்றியை அச்சூழலில் வைத்துப் படிப்பவர்க்கு, அடுக்கி வரும் போற்றிகள் உடைமைக் கணக்காகத் தோன்றா. வேறு எதுவும் இயலாத உடல் செய்யும் ஒரே செயலாகவே தோன்றும்.

சுந்தரர் நிலை வேறு. சங்கிலியாருக்குச் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த அவர், திருவாரூரில் பாடிய பதிகத்தில் வாழ்த்துச் சொல்லையே இடித்துரையாக்கிப் பாட்டுதோறும் இறைவன்மேல் எறிகிறார். பழிப்பதுபோல் புகழ்வதைப் புகழாப்புகழ்ச்சி என்கிறது தண்டியலங்காரம். இங்கு நிகழ்வது அதன் மறுதலை: சொல் வாழ்த்து, பொருள் பழிப்பு. இதனை நிந்தாத்துதி எனப் பெயரிட்டு, உள்ளே மறைந்திருப்பது புகழே என அமைதி கூறுவது பாட்டின் சினத்தை மழுக்குவதாகும். சினம் மெய்யானது, முறையிடத் தகுந்தவன் ஆரூரன் ஒருவனே என்ற துணிவும் மெய்யானது. காஞ்சியில் இடக்கண் பெற்றிருந்த தம்பிரான் தோழர்க்கு வலக்கண் கிடைத்தது இப்பதிகத்தின் பின்னரே என்கிறது பெரியபுராணம்.