மேசைமேல் ஒரு மலை ரயில்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு இரண்டடி அகலப் பாதையில் 1908 முதல் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. இனி அந்த ரயிலை ஓட்டிப் பார்க்க மேசைமேல் ஓடும் மாதிரி ரயில்தான் கதி.

1:76 அளவில் இரண்டடி என்பது எட்டு மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் தண்டவாளம் ஒன்பது. இந்த ஒரு மில்லிமீட்டர் பொய்யை மன்னித்துவிடலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் எஞ்சின் வளைவில் திரும்பும்போது கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள், மலை தானாக வந்துவிடும்.

தொல்லைக்கும் குறைவில்லை. தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. எங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசு லேசாகப் படிந்தாலே வண்டி நின்றுவிடும். பாதை பிரியும் இடத்தில் குட்டி எஞ்சினுக்குத் திணறல். தூசை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் வண்டி ஓடும். பொறுமை இல்லாதவர்கள் விரலால் தள்ளுவார்கள். பெட்டிகளை இணைக்கும் கொக்கிகள் கடுகளவு, வெள்ளெழுத்துக் கண்ணுக்குப் பரம எதிரி. விலையை வீட்டில் சொல்லாமலிருப்பது உத்தமம். என்னைக் கேட்டால், நாலு சக்கர எஞ்சினைவிட ஆறு சக்கரம் மேல். மின்சாரம் தொடக் கூடுதலாக இரண்டு இடம் கிடைக்கும்.